11 லிட்டர் வேக்குவம் சேம்பர் செட்: ஊட்டியிலிருந்து செவ்வாய் வரை ஒரே பாத்திரத்தில்

தடித்த எவர்சில்வர் பாத்திரம் ஒன்று, அதன்மேல் ஊடுருவித் தெரியும் அக்ரிலிக் மூடி, நடுவில் சிலிக்கான் கேஸ்கட், அழுத்தம் காட்டும் ஒரு கேஜ், இரண்டு வால்வு, ஒரு ஹோஸ், ஏசி மெக்கானிக்குகள் கையில் பார்க்கிற அதே வேக்குவம் பம்ப். பாத்திரத்துக்குள் இருக்கும் காற்றை இழுத்து வெற்றிடமாக்கும் செட் இது; ரெசின் ஊற்றுபவர்கள் குமிழியை வெளியேற்றுவதற்காக வாங்குவது. பள்ளி அறிவியல் மன்றத்துக்கோ, வீட்டில் ஆர்வமுள்ள பிள்ளைகளுக்கோ காற்றழுத்தம் கற்பிக்க இதை வாங்கலாமா என்பதுதான் இங்கே கேள்வி. பார்த்தது 25 செ.மீ. விட்டமும் 11 லிட்டர் கொள்ளளவும் உள்ள சேம்பர். பம்ப் நிமிடத்துக்குச் சுமார் 70 லிட்டர் இழுக்கும் சிங்கிள் ஸ்டேஜ் வகை. ஒரே அமைப்பு பல ஸ்டிக்கர்களில் விற்பனைக்கு வருவதால் பெயரை விட்டுவிட்டுப் பாகங்களைப் பார்ப்பதே சரி.

வாங்கலாம், தயங்க வேண்டாம். ஆனால் மூடியின் தடிமனில் சமரசம் கூடாது. கேஜை அப்படியே நம்பவும் கூடாது.

முதலில் மூடி. 25 செ.மீ. விட்டம் என்றால் பரப்பு 491 சதுர செ.மீ. கடல்மட்டத்தில் ஒரு சதுர செ.மீ. மீது காற்று சுமார் 1.03 கிலோ எடைக்குச் சமமாக அழுத்துகிறது. உள்ளேயிருக்கும் காற்றை முழுக்க எடுத்தால் மூடிமேல் அரை டன்னுக்குமேல் ஏறி உட்கார்ந்த கணக்கு. பம்ப் ஓடும்போது மூடியின் நடுப்பகுதி லேசாகக் குழிவதை, பளபளப்பில் தெரியும் டியூப்லைட் பிம்பம் வளைவதிலிருந்தே கண்டுகொள்ளலாம். முக்கால் அங்குலத்துக்குக் குறைந்த மூடியை வாங்காதீர்கள். அக்ரிலிக்கை ஸ்பிரிட், சானிடைசர், தின்னர் எதனாலும் துடைக்கக் கூடாது. அழுத்தம் தாங்கி நிற்கும் அக்ரிலிக்கில் ஆல்கஹால் பட்டால் முடி போன்ற மெல்லிய விரிசல்கள் ஓடும். அடுத்தமுறை அதே கோடு வழியாகத்தான் மூடி உடையும். சோப்புத் தண்ணீரும் மெல்லிய பருத்தித் துணியும் போதும். விரிசல் கண்ணில் பட்டால் மூடியை மாற்றிவிடுங்கள், ஒட்டிப் பார்க்க வேண்டாம்.

அடுத்தது கேஜ். 0 முதல் −760 வரை மி.மீ. பாதரசத்தில் குறித்திருக்கிறார்கள். இது உள்ளே எவ்வளவு காற்று இருக்கிறது என்று காட்டுவதில்லை. வெளிக்காற்றைவிட உள்ளே எவ்வளவு குறைவு என்பதைத்தான் காட்டுகிறது. சென்னையில் முள் −755 வரை போகும் அதே செட்டை ஊட்டிக்குக் கொண்டுபோனால் −580-க்கு அருகிலேயே நின்றுவிடும். பம்ப் கெட்டுவிட்டது என்று நினைத்துப் பிரித்துவிடாதீர்கள். 2,240 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றே சுமார் 77 கிலோபாஸ்கல்தான், அதாவது 580 மி.மீ. பாதரசம் (கடல்மட்டத்தில் 101 கிலோபாஸ்கல், 760 மி.மீ.). அதற்குமேல் குறைக்க அங்கே எதுவும் இல்லை.

கேஜின் இன்னொரு குறை, கடைசிப் பகுதியின் நெருக்கம். 30 டிகிரி தண்ணீர் கொதிக்க −728 வேண்டும். செவ்வாயின் தரையழுத்தம் −755. இரண்டுக்கும் நடுவே 27 மி.மீ.தான். இப்படிப்பட்ட சின்ன கேஜில் 15, 20 மி.மீ. பிழை சாதாரணம். ஆகவே விளிம்பில் முள்ளைவிடத் தண்ணீரே நம்பகமான கேஜ். எந்த வெப்பநிலையில் கொதிக்கிறதோ, அதற்குரிய ஆவியழுத்தம்தான் உள்ளே இருக்கிறது.

ஆனாலும் கேஜுக்குச் செய்யவேண்டிய ஒரு வேலை உண்டு. இந்த செட்டை உண்மையான பாடமாக மாற்றுவதே அதுதான். கடல்மட்ட ஊர்களில் இருப்பவர்கள், கேஜ் கண்ணாடிமேல் மார்க்கரால் ஆறு கோடு போடுங்கள். −180: ஊட்டி. விமானத்துக்குள் நாம் உட்கார்ந்திருக்கும் அழுத்தமும் ஏறக்குறைய இதுவே. −500: அப்போலோ விண்கலத்தின் உட்புறம், சுத்த ஆக்சிஜன் சுமார் 34.5 கிலோபாஸ்கல். −507: எவரெஸ்ட் உச்சி. −538: விண்வெளி நிலையத்திலிருந்து வெளியே வருபவர்களின் அமெரிக்க உடைக்குள் இருக்கும் 29.6 கிலோபாஸ்கல். −713: உடல் வெப்பத்தில் தண்ணீர் கொதிக்கும் ஆர்ம்ஸ்ட்ராங் எல்லை, வானில் சுமார் 19 கி.மீ. உயரம். −755: செவ்வாய். அப்போலோவும் எவரெஸ்டும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் விழுவதைப் பார்க்கும் பிள்ளை, ‘அப்புறம் எப்படி மூச்சு விட்டார்கள்?’ என்று தானே கேட்கும். மூச்சுக்கு வேண்டியது மொத்த அழுத்தம் அல்ல, அதில் ஆக்சிஜனின் பங்கு என்று அங்கே சொல்லிவிடலாம்.

இனி பொருள்கள். −180 கோட்டில் நடப்பதெல்லாம் நாம் மலையேறும்போது பார்த்தவைதான். சிப்ஸ் பாக்கெட் தலையணையாக உப்பும். பாதி மை உள்ள ஊற்றுப்பேனாவை நிப் கீழே இருக்கும்படி காகிதக் கப்பில் நிறுத்துங்கள். மைக்கு மேலே இருக்கும் அரை மி.லி. காற்று விரிந்து 0.65 மி.லி. ஆகிறது; கூடுதல் 0.15 மி.லி. அளவுக்கு மை, மூன்று சொட்டு, வெளியே தள்ளப்படும். முழுக்க நிரப்பிய பேனாவில் இது நடக்காது, விரிவதற்குக் காற்றே இல்லையே. விமானத்தில் சட்டைப்பையில் மை கொட்டுவதற்குக் காரணமும் தீர்வும் இந்த ஒரே சோதனையில் கிடைத்துவிடுகிறது.

காரில் ஊட்டி போகிறவர்கள் டயர் அழுத்தம் ஏறிவிடும் என்று காற்றைப் பிடுங்கிவிடுவதுண்டு. 35 டிகிரி சென்னையில் 32 பிஎஸ்ஐ வைத்த டயரில், வெளிக்காற்று குறைவதால் மட்டும் 3.5 பிஎஸ்ஐ கூடும் என்பது சரி. ஆனால் 15 டிகிரிக் குளிரில் டயருக்குள் இருக்கும் காற்று சுருங்கி 3 பிஎஸ்ஐ திரும்பக் குறைந்துவிடும். கேஜில் கிட்டத்தட்ட அதே 32தான் தெரியும். பிடுங்காதீர்கள்.

இந்த செட்டில் செய்ததிலேயே அதிகம் விளக்குவது டிபன் பாக்ஸ் சோதனைதான். ரப்பர் வளையம் வைத்த எவர்சில்வர் டப்பாவில் சூடான சாம்பாரை ஊற்றி உடனே மூடினால், ஆறியபின் மூடி வராது. உள்ளே நீராவி குளிர்ந்து நீராகிவிட்டது, அழுத்தம் குறைந்துவிட்டது. 10 செ.மீ. மூடியில் உள்ளழுத்தம் 20 கிலோபாஸ்கல் குறைந்தாலே வெளிக்காற்று சுமார் 16 கிலோ எடையாக அமுக்கும். ‘உள்ளே இழுத்துப் பிடித்திருக்கிறது’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். அதே டப்பாவை அப்படியே சேம்பருக்குள் வைத்து மெதுவாகக் காற்றை எடுங்கள். யாரும் தொடாமல், ஊட்டிக் கோட்டுக்குப் பக்கத்தில் எங்கோ ‘டப்’ என்று மூடி தளர்ந்துவிடும். உள்ளே எதுவும் இழுக்கவில்லை, வெளியே இருந்தது அமுக்கிக்கொண்டிருந்தது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி கிடையாது. சுவரில் ஒட்டும் சக்ஷன் ஹூக்கும் இப்படித்தான். மூடியின் உட்புறத்தில் ஒட்டி 200 கிராம் எடையைத் தொங்கவிட்டால் பாதியில் விழுந்துவிடும். எந்தக் கோட்டில் விழும் என்பது கிண்ணத்துக்குள் எவ்வளவு காற்று சிக்கியது என்பதைப் பொறுத்தது. கீழே ஒரு துணி விரித்துவையுங்கள்.

−538-க்குப் போகும்போது மருத்துவர்கள் போடும் மெல்லிய ரப்பர் கையுறை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கையில் கொஞ்சம் காற்று மட்டும் விட்டு, வாயை இறுக்க முடிச்சிட்டு, தொய்ந்த நிலையிலேயே உள்ளே வையுங்கள். முதலில் உள்ளங்கை எழும்பும். பிறகு கட்டைவிரல், அப்புறம் மற்ற விரல்கள் ஒவ்வொன்றாக நிமிரும். உடைக் கோட்டை எட்டும்போது ஐந்து விரலும் குச்சிபோல் விறைத்து விரிந்து நிற்கும்; தடையில்லாமல் விரிய விட்டால் உள்ளே இருக்கும் காற்று சுமார் 3.4 மடங்கு இடம் கேட்கும். விண்வெளி வீரரின் கையுறையில் நிலைமை மறுபுறமாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான்: உள்ளே 29.6, வெளியே பூஜ்யம். விரலை மடக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் காற்றோடு மல்லுக்கட்ட வேண்டும். 1965 மார்ச் 18 அன்று முதல்முதலாக விண்வெளியில் நடந்த அலெக்ஸி லியோனவின் உடை இப்படித்தான் உப்பி விறைத்தது. வால்வைத் திறந்து உடையின் அழுத்தத்தைக் குறைத்த பிறகே அவரால் கலத்துக்குள் நுழைய முடிந்தது. உடைக்குள் கடல்மட்ட அழுத்தம் வைக்காமல் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக வைப்பதன் காரணத்தை இந்த ஒரு கையுறை சொல்லிவிடும்.

அழுத்தத்தைக் குறைப்பதற்கு ஒரு விலை உண்டு. அதைக் காட்ட கோலி சோடாவோ வேறு எந்த சோடாவோ கால் டம்ளர் போதும். அழுத்தம் விழுந்ததும் கரைந்திருந்த வாயு குபுகுபுவென நுரைத்து எழும். ரத்தத்தில் கரைந்திருக்கும் நைட்ரஜனும் இதையே செய்யும் என்பதால், கலத்தைவிட்டு விண்வெளிக்குப் போகிறவர்கள் முன்கூட்டியே சுத்த ஆக்சிஜனைச் சுவாசித்து நைட்ரஜனை வெளியேற்றிக்கொள்கிறார்கள். டம்ளரை நிரப்பிவிடாதீர்கள், நுரை வழிந்து ஹோஸ் வழியாகப் பம்புக்குப் போகும்.

தண்ணீர்ச் சோதனைக்கு அளவு முக்கியம். பிளாஸ்டிக் மூடி ஒன்றில் 10 மி.லி. போதும், கூடவே ஒரு தெர்மாமீட்டர். 30 டிகிரியில் −728-க்குப் பக்கத்தில் கொதி தொடங்கும். பார்ப்பவர்கள் சூடு என்று நினைப்பார்கள். தெர்மாமீட்டரோ கீழே இறங்கிக்கொண்டிருக்கும். நூற்றில் ஒரு பங்கு நீர் ஆவியானாலே மிச்சமுள்ள நீர் ஏறக்குறைய 6 டிகிரி குளிர்கிறது. ஆகவே 20 டிகிரிக்கு வந்ததும் கொதிக்க −742 வேண்டியிருக்கும். பம்ப் விடாமல் ஓடினால் கொதித்துக்கொண்டே விளிம்பில் பனிக்கட்டி கட்டத் தொடங்கும். திட, திரவ, வாயு மூன்றும் ஒரே மூடியில் நிற்கும் அந்த இடம் 612 பாஸ்கல், 0.01 டிகிரி. செவ்வாயின் சராசரித் தரையழுத்தமும் சுமார் 610 பாஸ்கல். அங்கே திரவ நீர் ஏன் தங்குவதில்லை என்பது கண்முன்னே இருக்கிறது. 100 மி.லி. வைத்துக் காத்திருக்காதீர்கள். 5 மி.லி. நீர் ஆவியானாலே இந்த அழுத்தத்தில் 1,000 லிட்டருக்குமேல் இடம் பிடிக்கும். அத்தனையும் பம்ப் ஆயில் வழியாகத்தான் போகும்.

மனித உடலில் என்ன ஆகும் என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். 1966 டிசம்பரில், ஹூஸ்டனில் இருந்த நாசாவின் பெரிய வேக்குவம் அறையில், உடைக்குக் காற்று கொடுக்கும் குழாய் கழன்றதால் சோதனையாளர் ஒருவர் சுமார் 14 விநாடியில் நினைவிழந்தார். நாக்கில் எச்சில் கொதித்ததுதான் அவருக்குக் கடைசியாக நினைவில் நின்றது. அறைக்குள் உடனே காற்று நிரப்பப்பட்டது, பிழைத்துக்கொண்டார். ரத்தம் குழாய்களுக்குள் அழுத்தத்தோடு அடைபட்டிருப்பதால் அது உடனே அப்படிக் கொதிப்பதில்லை. 1971 ஜூன் 30 அன்று சோவியத் விண்கலமான சோயுஸ் 11 திரும்பும்போது வால்வு ஒன்று மேலேயே திறந்துகொண்டது. உடை அணியாதிருந்த மூன்று வீரர்களும் இறந்தார்கள். இதைச் சொல்லும்போது சேம்பர் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தால் விளக்கம் தேவைப்படாது.

ஆனால் எல்லா ஓட்டையும் அப்படி இல்லை என்பதையும் இதே செட்டில் காட்ட வேண்டும். 2018 ஆகஸ்டில் விண்வெளி நிலையத்தோடு இணைந்திருந்த சோயுஸ் கலத்தில் சுமார் 2 மி.மீ. துளை கண்டுபிடிக்கப்பட்டது. அந்தத் துளையின் பரப்பு 3 சதுர மி.மீ.; கடல்மட்டக் காற்று முழுவதும் தள்ளினாலும் அதன்மேல் விழும் விசை 32 கிராம் எடைதான். டேப்பால் அடைத்து, பிறகு எபாக்ஸி பூசி முடித்தார்கள். சேம்பரில் காற்று விடும் வால்வின் வாயில் ஒரு துண்டு செல்லோடேப் ஒட்டிவிட்டு வால்வைத் திறந்து பாருங்கள், டேப் குழிந்து நிற்கும். அதே நேரத்தில் மூடியைத் தூக்கச் சொல்லுங்கள், வகுப்பே சேர்ந்தாலும் அசையாது. ஒரே அழுத்தம், பரப்பு மட்டும் வேறு. 32 கிராமும் 500 கிலோவும் ஒரே மேசைமேல்.

சத்தம் மங்குவதைக் காட்ட பேட்டரி பஸ்ஸரை நூலில் தொங்கவிட்டால் போதும். தரையில் வைத்தால் பாத்திரம் வழியாகவே கேட்கும்.

இந்தப் பம்ப் விண்வெளியை எவ்வளவு தூரம் காட்டுகிறது? புதிய ஆயிலோடு நல்ல நிலையில் 5 பாஸ்கல் அளவுக்கு இறங்கும் என்று இவ்வகைப் பம்புகளில் குறிப்பிடுகிறார்கள். விண்வெளி நிலையம் சுற்றும் உயரத்தில் அழுத்தம் ஒரு பாஸ்கலில் லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே. கேட்பதற்கு எட்டாத தூரம்போல இருக்கும். ஆனால் பலூனுக்கும் டப்பாவுக்கும் கையுறைக்கும் வேண்டியது அழுத்த வித்தியாசம். 101 கிலோபாஸ்கலிலிருந்து 1-க்கு வந்தபோதே 99 சதவீத வேலை முடிந்துவிட்டது. இந்தப் பகுதியில் மலிவுப் பம்பும் விண்வெளியும் ஒன்றுதான். இரட்டை ஸ்டேஜ் பம்புக்குக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. இந்தப் பம்ப் விண்வெளியைக் காட்ட முடியாத இடங்கள் வேறு. பிளாஸ்டிக்கும் பசையும் மெல்ல ஆவிவிட்டு லென்ஸில் படிவது, காற்றே இல்லாததால் சூடு வெளியேற வழியின்றிச் சர்க்யூட் கொதிப்பது, ராக்கெட் நாசிலில் வாயு விரியும் விதம் எல்லாம் இதில் வராது. அதற்கெல்லாம் மகேந்திரகிரியில் இஸ்ரோ வைத்திருப்பதுபோன்ற வசதி வேண்டும். சிஇ 20 கிரையோஜெனிக் என்ஜினை வெற்றிடத்தில் பற்றவைத்துப் பார்ப்பது அங்கேதான்.

இயக்கும் முறையில் ஒரு வரிசை தவறினாலும் பம்ப் பழிவாங்கும். ஆயில் கண்ணாடியில் பாதி மட்டத்துக்கு வேக்குவம் பம்ப் ஆயில். என்ஜின் ஆயில் கூடாது. மூடியை வைத்து, கேஸ்கட்டில் தூசி இல்லை என்று விரலால் தடவிப் பார்த்து, காற்று விடும் வால்வை மூடி, பம்பை ஓடவிட்டு, பிறகு பம்ப் ஹோஸ் சேரும் சேம்பர் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கவும். முழுக்கத் திறந்தால் கால் நிமிடத்தில் எவரெஸ்ட் கோட்டைத் தாண்டிவிடும், பிள்ளைகள் எதையும் பார்த்திருக்க மாட்டார்கள். கூட வரும் பால் வால்வு (உள்ளே உருண்டை திரும்பும் ball வகை) நுணுக்கமாகத் திறக்காது என்பது இந்த செட்டின் உண்மையான குறை. அதற்குப் பதில், சிறிது சிறிதாகத் திறக்கக்கூடிய ஒரு நீடில் வால்வு போட்டுக்கொள்வது நல்லது. முடித்ததும் முதலில் சேம்பர் வால்வை மூடவும், அப்புறம் பம்பை நிறுத்தவும். மாற்றிச் செய்தால் ஆயில் ஹோஸ் வழியாகப் பாத்திரத்துக்குள் வந்துவிடும்.

தண்ணீர்ச் சோதனை முடிந்தபின் கேஸ் பேலஸ்ட் திருகை (ஆயிலில் கலந்த ஈரம் வெளியேறப் பம்புக்குள் கொஞ்சம் காற்று விடும் திருகு) திறந்து, சேம்பர் வால்வை மூடிய நிலையில் பம்பைக் கால்மணி நேரம் ஓடவிடுங்கள். ஆயில் மோர்போல வெளுத்திருந்தால் நீர் கலந்துவிட்டது. சூடு இருக்கும்போதே வடித்து மாற்றவும். அந்த ஆயிலோடு ஓட்டினால் −740-க்குமேல் முள் போகாது.

முள் நிற்காமல் பூஜ்யத்தை நோக்கி இறங்குகிறதா? வால்வை மூடிவிட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். பத்து மி.மீ. இறங்கினால் பள்ளி வேலைக்குப் பரவாயில்லை. அதற்குமேல் என்றால் கசிவு. கேஸ் சிலிண்டருக்குச் செய்வதுபோல் சோப்புநுரை தடவிப் பயனில்லை, இங்கே காற்று உள்ளேதான் போகிறது, குமிழி வராது. ஒவ்வொரு இணைப்பாக சிலிக்கான் கிரீஸ் தடவிக்கொண்டே போங்கள். முள் எங்கே நிற்கிறதோ அதுதான் கசிவிடம். பெரும்பாலும் கேஜ் மரையில் டெஃப்லான் டேப் குறைவாகச் சுற்றியிருப்பார்கள்.

மூடிய கண்ணாடி பாட்டில், மொபைல் போன், லித்தியம் பேட்டரி, ஸ்ப்ரே டப்பா, நன்றாகக் காற்றடித்த பந்து, உயிருள்ள எதுவும், எறும்பு உட்பட, உள்ளே போகக் கூடாது. பந்துக்கு வெளியே இருந்து தாங்கும் காற்றை எடுத்துவிட்டால் அதன் தோல் கூடுதலாக ஒரு பார் (ஏறக்குறைய கடல்மட்டக் காற்றழுத்தம்) முழுவதையும் தனியாகத் தாங்க வேண்டியிருக்கும். பார்ப்பவர்கள் அனைவருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி. பம்பின் வாயிலிருந்து ஆயில் புகை வரும், ஜன்னல் ஓரமாக வையுங்கள்.

கேஜைவிட நம்பகமான எண் வேண்டுமென்றால் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில் எளிதாகக் கிடைக்கும் பிஎம்பி 280 என்ற காற்றழுத்த சென்சாரை உள்ளே வைக்கலாம் என்று தோன்றும். அதன் எல்லை 30 கிலோபாஸ்கல், சரியாக விண்வெளி உடைக் கோட்டுக்கு முன்னால் நின்றுவிடும். ஒரு கிலோபாஸ்கல் வரை அளக்கும் எம்எஸ் 5611 வகைதான் இதற்குப் பொருத்தம்.

செட் வாங்க முடியாத பள்ளிகள் 50 மி.லி. சிரிஞ்ச் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். 60 டிகிரி தண்ணீர் 10 மி.லி. இழுத்து, காற்றை வெளியேற்றி, நுனியைக் கட்டைவிரலால் இறுக்க அடைத்துப் பிஸ்டனை இழுத்தால் உள்ளே கொதிக்கும். அந்த வெப்பநிலைக்கு −611 போதும். கையுறைப் பாடத்துக்கு நுனியளவு காற்றோடு முடிச்சிட்ட சின்ன பலூனை அதே சிரிஞ்சுக்குள் போடலாம். டிபன் பாக்ஸுக்கும் செவ்வாய்க்கும் மட்டும் சேம்பர்தான் வேண்டும்.